ஒண்ணுமில்ல சிஸ்டர்

முழங்கால் வலியை முகத்தில் காட்டாமல் இந்த அவைக்குத் தலைமை ஏற்று நிமிர்ந்து அமர்ந்திருக்கும் எங்கள் சங்கத் தலைவி அவர்களே! மேடைக்கு மேன்மை சேர்த்து வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே! நகரத்தின் நாலா திசையிலிருந்தும் நடந்தும், நெரிசலில் நசுங்கியும் வந்து நிறைந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பதறி எழுந்து, தனக்குக் காய்ச்சல் என்றால் போர்த்திப் படுத்துக்கொள்ளும் தாய்மார்களே! சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல் வேலை முடிந்த கையோடு ஓடி வந்து, கடைசி வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டியிருக்கும் என் செவிலித் தங்கைகளே! தம்பிகளே! உங்கள் அனைவரின் முன்னும் கை கூப்பி நிற்கிறேன்.

சுருக்கமாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அது எனக்குப் பழக்கம்தான். இருபத்து நான்கு ஆண்டுகளாக நான் பேசிய வாக்கியங்கள் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் போனதில்லை. "கையை நீட்டுங்க." "மூச்சை நல்லா இழுங்க." "கொஞ்சம் தள்ளி நில்லுங்க." வீட்டிலும் இதே பேச்சுதான் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். இன்னும் சற்று நேரத்தில் உங்களை நான் சிரிக்க விடப் போவதில்லை. அதற்கு இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு மேசை இருக்கிறது. அந்த மேசையில் இரண்டு செவிலியர் இருக்கிறோம். வருகிற மாதம் முதல் ஒருவர் போதும், இன்னொருவரை எடுத்துவிடுகிறோம் என்று ஓர் ஆணை வந்திருக்கிறது. காரணமும் எழுதியிருக்கிறார்கள். கடந்த எட்டு ஆண்டுகளாக அந்தக் காத்திருப்பு அறையில் ஓர் உயிர்கூடப் போகவில்லையாம். ஆகவே அங்கே இரண்டு பேர் தேவையில்லையாம்!

என்ன சொல்கிறீர்கள்? ஆம் அம்மா, நீங்கள் கேட்டது சரிதான். யாரும் சாகவில்லை, அதனால் ஆள் தேவையில்லை. அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் உயிர் போனது. அதனால்தான் இரண்டாவது ஆள் வந்தார். அந்த உயிர் போன நாளில் அந்த மேசையில் தனியாக அமர்ந்திருந்தவள் யார் என்று ஆணை எழுதியவருக்குத் தெரியாது. உங்களில் பலருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன். அவையோரே, அன்று அந்த மேசையில் அமர்ந்திருந்தவள் நான்தான்.

அந்த மேசையின் வேலை என்ன? வலியோடு வருகிறவர், வழி தெரியாமல் வருகிறவர், தூக்கிக்கொண்டு வரப்படுகிறவர், எல்லோரும் முதலில் வந்து நிற்பது அங்கேதான். யாரை உடனே உள்ளே அனுப்புவது, யாரைச் சற்று இருக்கச் சொல்வது என்று பிரிப்பவர் அங்கே இருக்கும் செவிலியர். சிவப்புச் சீட்டு கொடுத்தால் அந்த நொடியே உள்ளே. மஞ்சள் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில். பச்சை கொடுத்தால் நாற்காலியில் காத்திருக்க வேண்டும். நாடி பார்க்க ஒரு நிமிடம், முகம் பார்க்க ஒரு நிமிடம், முடிவெடுக்க ஒரு நிமிடம். மூன்று நிமிடத்தில் ஒரு மனிதரின் முறையை நான் எழுதுகிறேன். எழுதுகிற கை நடுங்கினால் அடுத்தவர் காத்திருக்கிறார். நடுங்காமல் எழுதினாலோ, நடுக்கம் வீட்டுக்கு வந்து தலையணைக்கடியில் படுத்துக்கொள்கிறது!

இத்தனை ஆண்டில் நான் கற்றது ஒன்றைச் சொல்கிறேன். மருத்துவப் பெருமக்கள் மேடையில் இருக்கிறார்கள், தவறென்றால் திருத்தலாம். கத்துகிறவரைக் கண்டு நான் பயப்படுவதில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும், தெம்பு வேண்டும், தன் உயிர் பெரிது என்ற எண்ணம் வேண்டும். மேசையைத் தட்டி, "எவ்வளவு நேரம் உட்கார வைப்பீங்க?" என்று சண்டை போடுகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். நான் பயப்படுவது அமைதியாக வருகிறவரைக் கண்டு. அதிலும், தாய்மார்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைக் கண்டுதான் எனக்கு அதிக பயம். "என்னம்மா செய்யுது?" என்று கேட்டால், உங்கள் வாயில் முதலில் வருகிற சொல் என்ன? நீங்களே சொல்லுங்கள்... ஆ! சொன்னீர்களே! "ஒண்ணுமில்ல சிஸ்டர்." அந்த ஒற்றைச் சொல்லைப் போல என்னைக் கலங்கடித்த சொல் வேறில்லை.

அந்தச் சொல்லோடுதான் அவரும் வந்தார்.

அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். நாற்பத்தாறு வயது. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு வாசலிலும் வண்டியை நிறுத்தி மூன்று முறை குட்டி குட்டியாக ஹாரன் அடிப்பாராம். அதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஹாரன் அக்கா. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று காலை பத்து இருபதுக்கு என் மேசைக்கு வந்தபோது, வெயிலில் கறுத்த கையோடு, விரலில் சாவி வளையத்தை மாட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"என்னக்கா செய்யுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். காலையிலேர்ந்து முதுகு ரெண்டு தோளுக்கு நடுவுல பிடிச்ச மாதிரி இருக்கு. வயித்தையும் பொரட்டுது. பிள்ளைங்கள எல்லாம் ஸ்கூல்ல விட்டுட்டு அப்படியே வந்துட்டேன்."

"நீங்களே வண்டி ஓட்டிட்டு வந்தீங்களா?"

"ஆமா சிஸ்டர். வண்டிய கேட்டுக்குக் குறுக்க விடல. ஓரமாத்தான் விட்டிருக்கேன்."

முதுகில் வலி, வயிற்றில் புரட்டல், நெற்றியில் வியர்வை. கடைசி வரிசைத் தங்கைகளே, உங்கள் முகம் மாறுவதை இங்கிருந்தே பார்க்கிறேன். உங்களுக்குப் புரிந்துவிட்டது. பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. முதுகில் வரும், தாடையில் வரும், வயிற்றுப் புரட்டலாக வரும். இது எனக்குத் தெரியாதா? தெரியும்! படித்திருக்கிறேன், பார்த்திருக்கிறேன், பிறருக்குப் பாடமாகச் சொல்லியும் இருக்கிறேன். நாடி பார்த்தேன், சீராக இருந்தது. ரத்த அழுத்தம் பார்த்தேன், பெரிய குறை இல்லை. இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததைச் சீட்டிலும் எழுதினேன். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு இ.சி.ஜி. இயந்திரம். அது உள்ளே வேறொருவருக்கு ஓடிக்கொண்டிருந்தது. "உட்காருங்கக்கா, பத்து நிமிஷத்துல கூப்பிடுறேன்" என்றேன். நாள் முழுக்க வண்டி ஓட்டுகிற பெண், முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று என் மனத்தின் ஒரு மூலை சொன்னது. அந்த மூலைக்குக் காது கொடுத்தேன். பச்சைச் சீட்டு கொடுத்தேன்.

அவர் சீட்டை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சிஸ்டர், மூணு மணிக்குப் பிள்ளைங்கள கூட்டிட்டு வரணும். அதுக்குள்ள முடிஞ்சிடுமா?"

"அதெல்லாம் முடிஞ்சிடும்கா" என்றேன்.

அவர் போய் அமர்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் சுவர் சரிந்து, ஒன்பது பேரைக் கொண்டுவந்தார்கள். ஒன்பது பேர்! ஒரே நேரத்தில்! சிமெண்டுத் தூளில் முகம் தெரியவில்லை. ரத்தம் வழிந்த இடத்தில் மட்டும் தோல் தெரிந்தது. ஸ்ட்ரெச்சர் நான்கு, ஆள் ஒன்பது. ஒருவருக்குக் கால் நசுங்கியிருந்தது. ஒருவருக்கு மூச்சு சீறியது. ஒருவர் தன்னைப் பார்க்கவே விடாமல், "என் தம்பி எங்க, என் தம்பி எங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மேசைக்கு நான் ஒருத்தி. அவர்களைப் பிரிப்பவள் நான், பெயர் எழுதுபவள் நான், உறவினரைத் தடுப்பவள் நான், உள்ளிருந்து கூப்பிட்டால் ஓடுபவளும் நான்.

அந்த அமளியில் அந்த அக்காவை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை, நாற்காலியில் இருந்தபடி என்னைப் பார்த்துக் கையசைத்தார். நீங்க அவங்கள கவனிங்க என்பது போல. இரண்டாவது முறை பார்த்தபோது அவர் நாற்காலியில் இல்லை. கணுக்கால் வீங்கிய ஒரு கட்டடத் தொழிலாளிக்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

நின்றுகொண்டிருந்தார், அவையோரே! இதயத்துக்கு ரத்தம் போகும் வழி அடைபட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், அடுத்தவர் கால் வலிக்காக எழுந்து நின்றுகொண்டிருந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டே அவரைக் கடந்து போனேன். அந்த நினைப்பை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பதினொன்று முப்பத்தைந்துக்கு, தரை துடைக்கும் அக்காவின் குரல் கேட்டது. "சிஸ்டர்! இந்தம்மா சரிஞ்சிட்டாங்க! சீக்கிரம் வாங்க!"

நான் ஓடிப்போன போது நாடி இல்லை. அங்கேயே, அந்தத் தரையிலேயே, முழந்தாளிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன். தட்டுப்பட்ட நாற்காலிகளை யாரோ இழுத்தார்கள். மருத்துவர் வந்தார், தலைமைச் செவிலியர் வந்தார். மின்னதிர்ச்சி கொடுத்தோம். மருந்து கொடுத்தோம். மறுபடி அழுத்தினோம். ஒருவர் கை ஓய்ந்தால் இன்னொருவர். நாற்பத்திரண்டு நிமிடம். நான் பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்று சொன்ன பெண்ணை, ஒரு மணி நேரம் கழித்து, நாற்பத்திரண்டு நிமிடம் கூப்பிட்டேன். "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டேன். அவர் வரவில்லை.

தண்ணீர் வேண்டாம் தம்பி, நன்றி. பேசிவிடுகிறேன்.

அவருடைய கணவருக்குத் தகவல் போனது. அவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். யாரோ வீட்டில் தொட்டிக்கடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், முழங்கை வரை ஈரத்தோடு, கையில் முறுக்குச் சாவியோடு அப்படியே வந்துவிட்டார். வருகிற வழியில் அதைக் கீழே வைக்கவே அவருக்குத் தோன்றவில்லை.

அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்பு, நிர்வாகி என்னைத் தன் அறைக்கு அழைத்தார். கெட்ட மனிதர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "சிஸ்டர், வரும்போதே நிலைமை ரொம்ப மோசமா இருந்ததுன்னு எழுதிடுங்க. வந்த நேரத்தையும் பதினொண்ணு இருபதுன்னு போட்டுடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு."

ஆம், எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். பேனா என் கையில்தான் இருந்தது. ஓர் இலக்கத்தை மாற்றினால் போதும். ஓர் ஆயுளின் கடைசி மணி நேரம் காணாமல் போய்விடும். நான் சுத்தமானவள் ஆகிவிடுவேன். மாற்றலாமா என்று யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் இந்த மேடையில் நின்று பொய் சொன்னவள் ஆவேன். யோசித்தேன்! பிறகு, வந்த நேரம் பத்து இருபது, சரிந்த நேரம் பதினொன்று முப்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது துணிச்சல் என்று யாரும் கைதட்ட வேண்டாம். தட்டாதீர்கள். அந்த எழுபத்தைந்து நிமிடமும் அவர் காத்திருந்தது நிஜம். அதையும் அழித்துவிட்டால் அவர் அங்கே வந்தார் என்பதற்கே சாட்சி இருக்காது.

மரணச் செய்தியைச் சொல்வதைப் பற்றி எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. நிற்க வைத்துச் சொல்லக் கூடாது. உட்கார வைத்து, நாமும் உட்கார்ந்து சொல்ல வேண்டும். "போயிட்டாங்க", "தவறிட்டாங்க" என்று பூசி மெழுகக் கூடாது. இறந்துவிட்டார் என்ற சொல்லையே சொல்ல வேண்டும். ஏனென்றால் மனம் அந்தச் சொல்லை நம்பாமல் இருக்க எந்த இடுக்கு கிடைக்கும் என்று தேடும். அதன் பிறகு நாங்கள் வழக்கமாகச் சொல்கிற ஒரு வாக்கியம் இருக்கிறது: "எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்." எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! எத்தனை முறை அது உண்மையாக இருந்திருக்கிறது! அன்று அந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை.

மருத்துவர் செய்தியைச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவருக்கு அங்கே ஒன்பது பேர். நான் அந்தக் கணவரெதிரே அமர்ந்தேன். "அண்ணே, உங்க மனைவி பத்து இருபதுக்கு வந்தாங்க. நான் அவங்கள காத்திருக்கச் சொன்னேன். ஒண்ணேகால் மணி நேரம் காத்திருந்தாங்க. நான் முன்னாடியே பார்த்திருக்கணும்."

அவர் கத்தவில்லை. கையிலிருந்த முறுக்குச் சாவியைப் பார்த்தார். அதை மெதுவாக நாற்காலிக்கடியில் வைத்தார். "வலிக்குதுன்னு சொன்னாளா?" என்றார்.

"ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க."

"அவ அப்படித்தான் சொல்லுவா" என்றார். பிறகு, "உங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். எனக்குத் தெரிய வேணாமா? அந்தக் கேள்விக்கு எந்தப் படிப்பில் பதில் இருக்கிறது? சொல்லுங்கள்!

அவர் உறவினர்களுக்குச் சொல்லி, கையெழுத்து போட்டு, உட்கார்ந்திருந்தார். இரண்டரை மணிக்குத் திடுக்கிட்டு எழுந்தார். "மணி என்னாச்சு? பிள்ளைங்க ஸ்கூல்ல நிக்குமே!"

பள்ளிக்குச் சொல்லிவிடலாம், பெற்றோர் வந்து அழைத்துப் போவார்கள் என்று எல்லோரும் சொன்னோம். அவர் கேட்கவில்லை. "அவ ஒரு நாளும் லேட்டா போனதில்ல. பதினோரு பிள்ளைங்க. அதுங்க வேனத்தான் பார்த்துட்டு நிக்கும்" என்றார். ஆனால் அவருக்கு வேன் ஓட்டத் தெரியாது. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வந்து கை நீட்டினார். "வேன் சாவியக் கொடுங்கண்ணே. நான் ஓட்டுறேன். நீங்க வழி சொல்லுங்க."

அந்தப் பயணத்தை நான் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மறுநாள் என்னிடம் சொன்னது இது. வேன் மூன்று மணிக்குச் சரியாகப் பள்ளி வாசலில் நின்றது. ஓர் ஆசிரியையும் கூட ஏறிக்கொண்டார். முதல் வரிசையில் உட்கார்ந்த ஒரு சின்னப் பெண், "ஹாரன் அக்கா எங்க?" என்று கேட்டாள். அவர் கணவர் திரும்பிப் பார்த்து, "அக்காவுக்கு இன்னைக்கு லீவு கண்ணு" என்றார். "எங்களுக்கு லீவு இல்லாதப்ப அக்காவுக்கு மட்டும் எப்படி லீவு?" என்று அவள் சண்டைக்கு வந்தாளாம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டி நின்றதும், பக்கத்து இருக்கையிலிருந்து அவர் கையை நீட்டி, மூன்று முறை, குட்டி குட்டியாக ஹாரன் அடித்தார். பதினோரு வீடு. கடைசிப் பிள்ளை இறங்கிக் கதவு சாத்திய பிறகுதான் அவர் அழுதார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஆயிரம் விபத்தைப் பார்த்த எங்கள் ஓட்டுநரும் அவரோடு சேர்ந்து அழுதார்.

விசாரணை நடந்தது. அந்தக் கணவர்தான் புகார் கொடுத்தார்; கொடுத்தது நியாயம். நடந்ததை நடந்தபடி சொன்னேன். இ.சி.ஜி. ஒன்றுதான் இருந்தது என்றும் சொன்னேன், முடிவு என்னுடையது என்றும் சொன்னேன். முன்னாலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டார்கள். "வாய்ப்பு இருந்தது" என்றார் இதய மருத்துவர். வாய்ப்பு! எவ்வளவு சின்னச் சொல்! அதன் மேல் எட்டு ஆண்டுகளாக நான் படுத்து எழுகிறேன்.

ஆறு மாதம் என்னைப் போர்வையும் படுக்கை விரிப்பும் அடுக்குகிற அறைக்கு மாற்றினார்கள். சக செவிலியரில் சிலர் என்னோடு பேசவில்லை. "நீ வாய மூடிட்டு இருந்திருந்தா எங்க எல்லாருக்கும் கெட்ட பேர் வந்திருக்காது" என்று ஒருத்தி முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் காலை அதே மேசைக்குத் தனியாகப் போக வேண்டியவள் அவள்தான். சாப்பாட்டு வேளையில் தலைமைச் செவிலியர் மட்டும் தினமும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு விரிப்பு அறைக்கு வந்து, எதுவும் பேசாமல் என் பக்கத்தில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

விசாரணை முடிந்த அன்று வராந்தாவில் அந்த அண்ணனை நேருக்கு நேர் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க பொய் சொல்லியிருந்தா உங்கள வெறுக்கிறது எனக்குச் சுலபமா இருந்திருக்கும்" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்த விசாரணையால்தான், அவையோரே, மூன்று காரியம் நடந்தது. இன்னொரு இ.சி.ஜி. இயந்திரம் வாசலுக்கே வந்தது. காத்திருக்கும் ஒவ்வொருவரையும் கால் மணிக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி வந்தது. எழுந்து போவதற்கு, மேசையில் இரண்டாவது செவிலியர் வந்தார். ஒருவர் வாசலைப் பார்க்க, இன்னொருவர் நாற்காலிகளைப் பார்க்க. இரண்டாவதாக வந்தவள், என்னோடு பேசாமல் இருந்தாளே, அவள்தான்! இந்த எட்டு ஆண்டில் "ஒண்ணுமில்ல" என்று சொல்லி உட்கார்ந்த எத்தனை பேரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போயிருக்கிறாள் தெரியுமா? ஒரு மாதத்தில் மட்டும் நான்கு பேர்! அந்த நான்கு பேரும் இன்று யாரோ ஒருவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பார்கள், யாரோ ஒருவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். இறக்காதவர்களுக்குக் கோப்பு கிடையாது. நடக்காத துக்கத்துக்கு இலக்கம் கிடையாது. அதனால்தானே ஆணை எழுதியவர் கண்ணுக்கு அவர்கள் தெரியவில்லை!

எங்களைத் தேவதைகள் என்கிறீர்கள். வெள்ளுடை என்கிறீர்கள். விளக்கு என்கிறீர்கள். அன்புக்கு நன்றி. தேவதைக்குக் கால் வலிக்காது, கண் அயராது, ஒன்பது பேர் ஒன்றாக வந்தால் பத்தாவது ஆளை மறக்காது. நாங்கள் மறக்கிறோம். நான் மறந்தேன். ஆகவே புகழ் வேண்டாம், பூமாலை வேண்டாம், பொன்னாடை வேண்டாம்! எனக்குப் பக்கத்தில் இன்னொருத்தியை உட்கார வையுங்கள். நான் காணத் தவறுவதைக் காண இரண்டு கண்ணைக் கொடுங்கள்! நான் ஓடும்போது நிற்க இரண்டு காலைக் கொடுங்கள்! என் கணிப்பு தவறினால், "அக்கா, இவங்கள இன்னொரு தடவ பாருங்க" என்று சொல்ல ஒரு வாயைக் கொடுங்கள்! இதைக் கேட்பது பேராசையா? இதைக் கொடுப்பது வீண் செலவா? நாளை அந்தச் சுவரோரம் சாய்ந்து நிற்கப் போவது யார்? உங்கள் அக்காவா? என் அம்மாவா? ஆணையில் கையெழுத்துப் போட்டவரின் மனைவியா?

தாய்மார்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். எங்கள் மேசைக்கு வந்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மேசையைத் தட்டுங்கள். எங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்!

இந்தக் கூட்டத்துக்கு அந்த அண்ணனை அழைக்கலாமா என்று பலநாள் தயங்கி, போன வாரம் போனில் கூப்பிட்டேன். எட்டு ஆண்டுக்குப் பிறகும் என் குரலை அவர் அடையாளம் கண்டுகொண்டார். விஷயத்தைச் சொன்னேன். "நான் வரல சிஸ்டர். உங்க முகத்தப் பார்க்க இன்னும் எனக்கு முடியல" என்றார். "சரிண்ணே" என்றேன். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "ஆனா அந்த ரெண்டாவது ஆள மட்டும் எடுக்க விடாதீங்க" என்றார். "அவ செத்து வாங்கிக் கொடுத்த இடம் அது."

அவையோரே, அந்த இடத்தைக் கேட்டு எழுதிய மனு வாசலில் வைக்கப்பட்டிருக்கிறது. கையெழுத்திட விரும்புகிறவர்கள் இட்டுவிட்டுப் போகலாம். இவ்வளவு நேரம் நின்றபடியே கேட்டவர்களுக்கும், நின்றவருக்குத் தன் இடத்தைக் கொடுத்தவர்களுக்கும், மணியைக் கையில் வைத்துக்கொண்டே அடிக்காமல் விட்ட தலைவி அவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நாளை காலை ஏழு மணிக்கு எனக்கு அந்த மேசையில் வேலை. உங்களில் யாரையும் அங்கே பார்க்காமல் இருக்க வேண்டும் என்ற ஆசையோடு விடைபெறுகிறேன்.

வணக்கம்.